கூட ஓடியவர்: எமில் சாட்டோபெக், ஒரு நிகழ்வு ஆய்வு

1952 ஜூலை 27, ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கம். மாரத்தான் தொடங்கப் போகிறது. இங்கிலாந்தின் ஜிம் பீட்டர்ஸிடம் செக்கோஸ்லோவாகியாக்காரர் ஒருவர் வந்து கை நீட்டி, "நான் சாட்டோபெக்" என்கிறார். பீட்டர்ஸுக்கு அந்த அறிமுகம் தேவையே இல்லை. அதே வாரத்தில் 10,000 மீட்டரையும் 5,000 மீட்டரையும் வென்று ஊரையே கலக்கியிருந்தவர் அவர். ஆனால் சாட்டோபெக்குக்குத்தான் பீட்டர்ஸ் தேவைப்பட்டார். அதுவரை அவர் ஒரு மாரத்தான்கூட ஓடியதில்லை. பீட்டர்ஸோ ஆறு வாரத்துக்கு முன்புதான் 2 மணி 20 நிமிடம் 42 விநாடியில் ஓடி, உலகில் யாரும் தொடாத நேரத்தை எட்டியிருந்தார். செய்தித்தாளில் பீட்டர்ஸின் சட்டை எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஆளைத் தேடிக் கண்டுபிடித்திருந்தார் சாட்டோபெக். வழி தெரியாத ஊரில் வழி தெரிந்தவர் பின்னாலேயே போவதுபோலத்தான் அவர் போட்ட கணக்கும்.

பீட்டர்ஸ் ஆரம்பத்திலேயே பறந்தார். முதல் 10 கிலோமீட்டரை 32 நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். சாட்டோபெக்கும் ஸ்வீடனின் குஸ்தாஃப் யான்சனும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி, 15 கிலோமீட்டரைத் தாண்டியதும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அப்போது சாட்டோபெக் கேட்டார்: "ஜிம், இந்த வேகம் போதுமா?" ஏற்கெனவே களைத்திருந்த பீட்டர்ஸ், இவரைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கலாம் என்று, "போதாது, மெதுவாகத்தான் போகிறோம்" என்றார். சாட்டோபெக் அதை நம்பி வேகத்தைக் கூட்டினார். பீட்டர்ஸால் தொடர முடியவில்லை. 32 கிலோமீட்டர் அளவில் தசைப்பிடிப்பு வந்து சாலையோரத்தில் நின்றுவிட்டார்.

இதைத் தந்திரத்துக்கு எதிர்த்தந்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரியாததைக் கூட ஓடுபவனிடம், பந்தயத்தின் நடுவிலேயே கேட்கும் மனசு அது. அவர் வாழ்க்கையை எங்கே தொட்டாலும் பக்கத்தில் இன்னொரு ஓட்டக்காரர் நிற்பார். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆய்வு போகிறது.

அன்று அவர் அரங்கத்துக்குள் நுழைந்தபோது பின்னால் யாரும் கண்ணுக்கே தெரியவில்லை. நேரம் 2 மணி 23 நிமிடம் 3.2 விநாடி. பழைய ஒலிம்பிக் சாதனையைவிட ஆறு நிமிடத்துக்கு மேல் குறைவு. அர்ஜென்டினாவின் ரெய்னால்டோ கோர்னோ இரண்டரை நிமிடம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியிருந்த ஜமைக்கா வீரர்கள் சாட்டோபெக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். 5,000, 10,000, மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் அவருக்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. 1976இல் ஃபின்லாந்தின் லாஸே விரேன் முதல் இரண்டையும் வென்றுவிட்டு மாரத்தானில் முயன்று ஐந்தாவதாக வந்தார். அதன் பிறகு அவ்வளவு பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. (அதே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் நம் கே.டி. ஜாதவ் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கினார். யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம் 17 வயதுப் பையனாக இலங்கைக்காக உயரம் தாண்டினார்.)

எப்படி முடிந்தது இது?

பாட்டா கம்பெனிப் பையன்

எமில் சாட்டோபெக் 1922 செப்டம்பர் 19 அன்று செக்கோஸ்லோவாகியாவின் மொராவியா பகுதியில் கோப்ரிவ்னிட்சே என்ற சிறு ஊரில், ஏழாவது பிள்ளையாகப் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். பதினாறு வயதில் ஸ்லீன் நகரத்துச் செருப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளிக்கூடத்துக்கு நாம் மாட்டிக்கொண்டு போன அதே பாட்டாதான். நம் ஊர்க் கம்பெனி என்றே பலர் நினைத்திருந்த அந்தப் பெயரின் பிறப்பிடம் ஸ்லீன்.

1941இல் கம்பெனி ஊர்த் தெருக்களில் ஓட்டப்பந்தயம் வைத்தது. தொழிற்சாலையின் விளையாட்டுப் பயிற்சியாளர் நான்கு பையன்களைக் காட்டி, நீங்கள் ஓட வேண்டும் என்றார். அதில் ஒருவன் எமில். உடம்பு சரியில்லை, என்னால் ஓட முடியாது என்று சொல்லிப் பார்த்தான். டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார். சரி, வேறு வழியில்லை, ஓடினான். ஓடத் தொடங்கியதும் ஜெயிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. நூறு பேரில் இரண்டாவதாக வந்தான்.

அங்கே அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் யான் ஹலூசா, அவரும் ஓட்டக்காரர். இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1948இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததும் ஹலூசா கைதாகி ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார். எந்த அரசு சாட்டோபெக்கை நாட்டின் பெருமை என்று மேடையேற்றியதோ, அதே அரசுதான் அவருடைய முதல் கோச்சை உள்ளே வைத்திருந்தது. அவர் வாழ்ந்த காலத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விவரம் போதும்.

நானூறு, மறுபடி நானூறு

போர் முடிந்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். 1946இல் ஆஸ்லோ ஐரோப்பியப் போட்டியில் 5,000 மீட்டரில் ஐந்தாமிடம். திறமையான பையன் என்று சொல்லலாம், அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடத்தில் அவரை மாற்றியது பயிற்சி.

அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் நீண்ட தூரத்தை நிதானமாக ஓடியே பழகினார்கள். சாட்டோபெக் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: மெதுவாக ஓடத்தான் எனக்கு ஏற்கெனவே தெரியுமே, அதை ஏன் பழக வேண்டும்? வேகமாக ஓடுவதைத்தானே கற்றுக்கொள்ள வேண்டும்? ஆகவே 200 மீட்டர் ஐந்து முறை, 400 மீட்டர் இருபது முறை, மறுபடி 200 மீட்டர் ஐந்து முறை. நடுவே மூச்சு வாங்கிக்கொள்ள மெல்லோட்டம், அவ்வளவுதான் ஓய்வு. வருடம் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. உச்சத்தில் ஒரே நாளில் நூறு முறை 400 மீட்டர் ஓடிய நாட்கள் உண்டு. ராணுவ பூட்ஸ் மாட்டிக்கொண்டு காட்டுப் பாதையில் ஓடினார். இருட்டிவிட்டால் கையில் டார்ச் வைத்துக்கொண்டு ஓடினார். குளியல் தொட்டியில் அழுக்குத் துணியைப் போட்டு, அதன்மேல் நின்ற இடத்திலேயே ஓடித் துவைத்தார் என்றும் சொல்வார்கள்.

மைதானத்தில் 400 மீட்டரை ஒரே மூச்சில் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் 200 சுகமாகப் போகும். வளைவு திரும்பும்போது தொடை கல்லாய்க் கனக்கும். கடைசி 50 மீட்டரில் கை ஆடும், கால் வராது. முடித்ததும் முட்டியில் கை வைத்துக் குனிந்து நிற்போம். சாட்டோபெக்கின் முறையில் அந்தக் குனிந்து நிற்கும் நேரம் கிடையாது. இதயத்துடிப்பு முழுதாக இறங்குவதற்கு முன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடும். களைத்த கால்களோடு வேகமாக ஓடுவதுதான் உடம்பு கற்கும் பாடம். பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் மற்றவர்களுக்குப் புதிதாக வரும் வலி, அவருக்கு நேற்று சாயந்திரமும் முந்தாநாள் சாயந்திரமும் வந்த வலி.

ஹெல்சிங்கி நேரங்களை ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 10,000 மீட்டரில் அவர் ஒவ்வொரு 400 மீட்டரையும் சராசரியாக 70 விநாடியில் ஓடினார். 5,000 மீட்டரில் 68க்கும் குறைவு. மாரத்தானில் 81. அதாவது அவர் உடம்புக்குப் பழக்கமான வேகத்தைவிடச் சுற்றுக்கு 11 விநாடி மெதுவாக. அதனால்தான் 15 கிலோமீட்டரில் "போதுமா?" என்று கேட்க முடிந்தது. அது அவருக்கு உண்மையாகவே மெதுவாகத்தான் இருந்திருக்கும்! தூரம் மட்டும்தான் புதிது. அந்தத் தூரம் கடைசியில் அவரைப் பிடிக்கத்தான் செய்தது. மாரத்தான் ரொம்பச் சலிப்பான ஓட்டம் என்று பின்னால் சொன்னவர், அன்று முடித்தபோது நடக்கவே சிரமப்பட்டார்.

அவர் ஓடும் தோற்றத்தைப் பற்றி அப்போதைய பத்திரிகைக்காரர்கள் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். தலை ஒரு பக்கம் சாயும், நாக்கு வெளியே வரும், முகம் கோணும், நெஞ்சில் யாரோ குத்தியதுபோல் தோள் முறுக்கும். பழைய படச்சுருள்களைப் பார்க்கும்போது இடுப்புக்கு மேலே மறைத்துக்கொண்டு கால்களை மட்டும் பாருங்கள். சீராக, வீணாக ஒரு அங்குலம்கூட எழும்பாமல் போகும் கால்கள். முகத்தைப் பற்றிக் கேட்டபோது, ஒரே நேரத்தில் ஓடவும் சிரிக்கவும் எனக்குத் திறமை போதாது என்றார்.

இதைப் படித்துவிட்டு நம் பள்ளிப் பிள்ளைகளை நூறு முறை ஓடவிடக் கிளம்ப வேண்டாம். அந்த எண்ணிக்கைக்கு அவர் வந்து சேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. எடுத்துக்கொள்ள வேண்டியது எண்ணிக்கையை அல்ல, அந்தக் கேள்வியை.

லண்டன், அப்புறம் வராமல் நின்ற பயணி

1948 லண்டனில் 10,000 மீட்டர் தங்கம். இரண்டாவதாக வந்த பிரான்ஸின் அலேன் மிமூனுக்கும் அவருக்கும் இடையே கிட்டத்தட்ட 48 விநாடி. மழை ஊறிய தடத்தில் நடந்த 5,000 மீட்டரில் பெல்ஜியத்தின் காஸ்டன் ரெய்ஃப் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். கடைசிச் சுற்றில்தான் சாட்டோபெக் விழித்துக்கொண்டவர்போலத் துரத்தினார். 0.2 விநாடியில் தங்கம் போயிற்று. அதே வருடம் அக்டோபரில் ஈட்டி எறியும் டானாவை மணந்தார். இருவரும் ஒரே நாளில், ஒரே வருடத்தில் பிறந்தவர்கள்.

1951இல் ஒரு மணி நேரத்தில் 20 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் மனிதரானார். ஆனால் ஹெல்சிங்கிக்கு முன் நடந்த ஒன்றுதான் அந்தச் சாதனைகளைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்டானிஸ்லாவ் யுங்விர்த் என்ற 1,500 மீட்டர் ஓட்டக்காரர் அணிக்குத் தேர்வாகியிருந்தார். அவருடைய அப்பா அரசியல் கைதி. அதனால் மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்றார்கள். சாட்டோபெக் அப்போது ராணுவ அதிகாரி, நாட்டின் முகம். யுங்விர்த் போகவில்லை என்றால் நானும் போகவில்லை என்று சொல்லிவிட்டார். சும்மா சொன்ன பேச்சில்லை. அணியின் விமானம் தலைநகர் ப்ராகிலிருந்து கிளம்பியபோது அவர் அதில் இல்லை. ஆட்களைச் சிறையில் தள்ளவும் தூக்கில் போடவும் தயங்காத ஆட்சி அது. வாழ்நாள் உழைப்பு முழுவதையும், ஒருவேளை சுதந்திரத்தையும், வேறொரு தூரத்தில் ஓடும் பையனுக்காகப் பணயம் வைத்தார். கடைசியில் அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். சில நாள் கழித்து இருவரும் ஹெல்சிங்கி போய்ச் சேர்ந்தார்கள்.

ஜூலை 20 அன்று 10,000 மீட்டர். 29 நிமிடம் 17 விநாடி. மிமூன் மறுபடி இரண்டாவது. இதில் சொல்ல அதிகம் இல்லை, வந்தார், சுற்றுக்குச் சுற்று ஆட்களை உதிர்த்தார், வென்றார்.

ஜூலை 24 அன்று நடந்த 5,000 மீட்டர் வேறு கதை. கடைசிச் சுற்றின் மணி அடிக்கும்போது நான்கு பேர் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்: சாட்டோபெக், மிமூன், ஜெர்மனியின் ஹெர்பர்ட் ஷாடே, இங்கிலாந்தின் கிரிஸ் சாட்டவே. சாட்டோபெக் முன்னால் பாய்ந்து பார்த்தார், எடுபடவில்லை. எதிர்ப்பக்க நேர்கோட்டில் மூவரும் அவரைக் கடந்துபோனார்கள். நான்காமிடம். பதக்கமே இல்லை என்ற நிலை. கடைசி வளைவில் அவர் வெளிப்பக்கமாக, மூன்றாவது லேன் வரை அகலமாகப் போய், வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொருவராகத் தாண்டினார். உள்பக்கத்தில் ஓடிய சாட்டவே, ஓடுதடத்தின் விளிம்பில் கால் தட்டி விழுந்தார். சாட்டோபெக் 14:06.6, மிமூன் 14:07.4, ஷாடே 14:08.6. தோற்ற ஓட்டத்தை ஒரே வளைவில் திருப்பிய பந்தயம் அது. அவர் ஓடியவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் இதைப் பாருங்கள்.

அன்றைக்கே சற்று நேரத்தில் பெண்கள் ஈட்டி எறிதல். டானா கணவரின் தங்கத்தை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார். முதல் வீச்சே 50.47 மீட்டர், ஒலிம்பிக் சாதனை, தங்கம். என் தங்கத்தைப் பார்த்துத்தான் உற்சாகம் வந்தது என்று எமில் பெருமை பேச, அப்படியா, போய் வேறு யாராவது ஒரு பெண்ணுக்கு உற்சாகம் கொடுத்துப் பாருங்கள், ஐம்பது மீட்டர் எறிகிறாளா பார்ப்போம் என்றார் டானா. அவரைச் சாட்டோபெக்கின் மனைவி என்று ஒரு வரியில் முடிப்பது அநியாயம். 1958இல் 35 வயதில் உலக சாதனை, 1960 ரோமில் வெள்ளி. கணவர் ஓய்வு பெற்ற பிறகும் எறிந்துகொண்டிருந்தவர்.

இறங்குமுகம்

1954இல் மூன்று நாளில் இரண்டு உலக சாதனை. மே 30 அன்று பாரிஸில் 5,000 மீட்டரை 13:57.2. ஜூன் 1 அன்று பிரஸல்ஸில் 10,000 மீட்டரை 28:54.2. இருபத்தொன்பது நிமிடத்துக்குள் அந்தத் தூரத்தை முடித்த முதல் ஆள் அவர். ஆனால் அதே கோடையில் பெர்ன் நகரில் சோவியத்தின் விளாதிமிர் கூட்ஸ் 5,000 மீட்டரில் அவரைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தச் சாதனையையும் எடுத்துக்கொண்டார். கூட்ஸும் அவர் தலைமுறையும் இதே விட்டு விட்டு வேகமாக ஓடும் 'இன்டர்வல்' பயிற்சியில் வளர்ந்தவர்கள். சாட்டோபெக்கின் பாடத்தை எல்லோரும் கற்றுவிட்டார்கள்.

1956 மெல்போர்னுக்குச் சில வாரம் முன்பு அவருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. ஆனாலும் மாரத்தானுக்கு வந்து நின்றார், ஆறாவதாக முடித்தார். அன்று வென்றவர் அலேன் மிமூன். அல்ஜீரியாவில் பிறந்தவர், போரில் காலில் காயம்பட்டவர், ஒலிம்பிக்கில் மூன்று முறை சாட்டோபெக்குக்குப் பின்னால் வெள்ளி வாங்கியவர். தங்கம் வாங்கிய மிமூன் அரங்கத்தை விட்டுப் போகவில்லை, புகைப்படக்காரர்களை விட்டுவிட்டு, முடிவுக்கோட்டருகே சாட்டோபெக்குக்காகக் காத்து நின்றார். அவர் தள்ளாடி வந்ததும், "எமில், என்னை வாழ்த்த மாட்டாயா? நான் ஒலிம்பிக் சாம்பியன்" என்றார். சாட்டோபெக் தொப்பியைக் கழற்றினார், விறைப்பாக நின்று ராணுவ சல்யூட் வைத்தார், பிறகு கட்டிக்கொண்டார். தங்கத்தைவிட எனக்கு அதுதான் பெரிது என்று மிமூன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1966இல் ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ப்ராக் வந்தார். உலக சாதனைகளாகக் குவித்தவர், ஆனால் ஒலிம்பிக் தங்கம் கையில் இல்லாதவர். விமான நிலையத்தில் வழியனுப்பும்போது சாட்டோபெக் ஒரு சின்னப் பொட்டலத்தை அவர் கையில் திணித்தார். எதையோ ரகசியமாக நாட்டுக்கு வெளியே கடத்தச் சொல்கிறார் என்று கிளார்க் பயந்துபோனார். விமானம் ஏறிய பிறகு பிரித்துப் பார்த்தால், ஹெல்சிங்கி 10,000 மீட்டர் தங்கப் பதக்கம்.

1968க்குப் பிறகு

1968இல் செக்கோஸ்லோவாகியாவில் ஆட்சியின் பிடி கொஞ்சம் தளர்ந்த 'ப்ராக் வசந்தத்தின்'போது, சீர்திருத்தம் கேட்ட 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் கையெழுத்திட்டார். ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்தபோது வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் நின்று கூட்டத்தோடும் படைவீரர்களோடும் பேசினார். ஒலிம்பிக் வருடத்தில் போர் கூடாது, மெக்சிகோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியைச் சேர்க்கக் கூடாது என்றார். விலை கொடுக்க வேண்டியிருந்தது. கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கினார்கள், ராணுவத்திலிருந்து நீக்கினார்கள், கர்னல் பதவி போயிற்று.

ப்ராகில் குப்பை அள்ளினார், மக்கள் அவர் கையிலிருந்து தொட்டிகளைப் பிடுங்கித் தாங்களே கொட்டினார்கள் என்று ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. அவர் உண்மையில் ஆண்டுக்கணக்கில் பார்த்தது வேறு வேலை. நிலத்தடி ஆய்வு நிறுவனத்தில் துளையிடும் குழுவோடு ஊர் ஊராகப் போய், வாரம் முழுக்க வண்டிக் கூண்டில் தங்கி, வார இறுதியில் டானாவிடம் திரும்பினார். ஐம்பதை நெருங்கும் வயது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் பின்வாங்கினார். 1968இல் சொன்னவற்றிலிருந்து விலகிப் பேசினார். ஒரு வழக்கில் தோழர்களோடு நிற்காமல் எதிர்த்தரப்பிடம் மன்னிப்பும் கேட்டார். அவரை நம்பியவர்கள் மனம் உடைந்தார்கள், சிலர் மன்னிக்கவே இல்லை. இதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது சரியில்லை. யுங்விர்த்துக்காக நின்றவரும் இங்கே வளைந்தவரும் ஒரே ஆள்தான். 1952இல் அவர் அந்த அரசுக்குத் தேவைப்பட்டார், விமானத்தைத் தவறவிட்டுப் பேரம் பேச முடிந்தது. இருபது வருடம் கழித்து அவரிடம் பேரம் பேச ஒன்றுமில்லை, கூட நிற்கவும் பெரிதாக யாரும் இல்லை. அவர் செய்ததைச் சரி என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தத் தனிமையைக் கணக்கில் சேர்க்காமல் அவர்மேல் தீர்ப்பு எழுத எனக்குக் கை வரவில்லை.

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு அவருடைய மரியாதையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2000 நவம்பரில், 78 வயதில், ப்ராகில் இறந்தார். ப்ராக் தேசிய நாடக அரங்கில் இறுதி மரியாதை நடந்தது. டானா 2020 மார்ச் வரை இருந்தார், 97 வயது.

சாட்டோபெக் இறந்த செய்தி வந்தபோது மிமூனிடம் கேட்டார்கள். என் போட்டியாளன் போய்விட்டான் என்று அவர் சொல்லவில்லை. என் சகோதரனை இழந்துவிட்டேன் என்றார்.